இரண்டாவது கிலோவுக்குத்தான் போன்

கேள்வி: ஐயா, வணக்கம். தங்கச்சிமடத்தில் சாலையோரமாகக் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறோம். அப்பா தொடங்கியது, இப்போது நானும் வீட்டுக்காரரும் பார்க்கிறோம். கருப்பட்டி, ஓலைப்பெட்டி, கொட்டானும் உண்டு. ராமேஸ்வரம் வந்து திரும்புகிறவர்கள் வண்டியை நிறுத்தி வாங்குவார்கள். ஊருக்குப் போன பிறகு வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போன் போட்டு, "இன்னும் கொஞ்சம் அனுப்ப முடியுமா" என்று கேட்கிறார்கள். நாலைந்து பேருக்குத்தான் அனுப்ப முடிகிறது. மதுரையில் ஒரு நிறுவனம் எங்கள் கடைக்கென்று மொபைல் ஆப் செய்து தர 85,000 ரூபாயும், பராமரிப்புக்கு ஆண்டுக்கு 18,000 ரூபாயும் கேட்கிறது. நகையை வைத்தாவது போடலாம் என்கிறான் மகன். "கண்ணால பாக்காம, மோந்து பாக்காம எவன் கருவாடு வாங்குவான்" என்கிறார் வீட்டுக்காரர். பெரிய ஆன்லைன் கம்பெனிகளில் சேரச் சொல்கிறார்கள் சிலர். இதற்கிடையில் பணம் போட்டதாகப் படம் அனுப்பி இரண்டு பேர் ஏமாற்றிவிட்டார்கள். நெத்திலி கிலோ 320-க்கு எடுத்து 420-க்கு விற்கிறோம். சென்னைக்குக் கூரியர் கிலோவுக்கு 70 ரூபாய். நாங்கள் என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்:

வணக்கம்மா. நகை வீட்டிலேயே இருக்கட்டும். மற்றதெல்லாம் பிறகு; அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. முன்பின் தெரியாத கடையில், படத்தை மட்டும் பார்த்து ஒருவர் கருவாடு வாங்குவது அரிது. உப்பு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, மணலில் காய்ந்ததா வலையில் காய்ந்ததா என்பதெல்லாம் கைக்கும் மூக்குக்கும்தான் தெரியும். ஆனால் உங்களுக்குப் போன் செய்கிற அந்தப் பன்னிரண்டு பேர் முன்பின் தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் கடை முன்னால் நின்று, ஒரு நெத்திலியை ஒடித்துப் பார்த்து, வாங்கிப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டவர்கள். முதல் கிலோவை அவர்கள் கண்ணால் பார்த்துத்தான் வாங்கினார்கள். போனில் கேட்பது இரண்டாவது கிலோ. மொபைல் வணிகம் உங்கள் கடைக்கு எதற்கு என்று கேட்டால், அந்த இரண்டாவது கிலோவுக்கு. புது ஆளைப் பிடிப்பதற்கு இல்லை. அந்த வேலையைச் சாலை செய்துகொண்டிருக்கிறது. 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகுதானே கார், வேன் எல்லாம் தீவுக்குள் வந்து, நினைத்த இடத்தில் நிறுத்தி வாங்குகிற ஆள் கிடைத்தார்!

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஆப்பைப் பாருங்கள். முதல் ஆண்டுச் செலவு 1,03,000 ரூபாய். கிலோ நெத்திலியில் உங்களுக்கு நிற்பது 100 ரூபாய். கூரியர் கட்டணத்தை வாங்குகிறவரே கொடுத்தாலும் கவர், அட்டைப்பெட்டி, டேப் என்று 30 ரூபாய் போய்விடும். மிச்சம் 70. ஆப்புக்குக் கொடுத்த பணம் திரும்பி வருவதற்கே 1,470-க்கு மேல் பார்சல் அனுப்ப வேண்டும். இப்போது வாரத்துக்கு ஐந்து என்று வைத்தால் ஆண்டுக்கு 260. ஆப் போட்ட மறுநாளே அது ஆறு மடங்காகிவிடும் என்று நம்புவதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் நானே ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இந்த மாவட்டத்தில் ஒரு துணிக்கடைக்கு ஆப் செய்யச் சொல்லி நான்தான் யோசனை கொடுத்தேன். தள்ளுபடி கிடைக்கிறது என்று பலர் தங்கள் போனில் ஏற்றினார்கள். ஒரு பண்டிகை முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். ஆண்டுக்கு மூன்று தடவை துணி எடுக்கிற குடும்பம் அதற்காகப் போனில் இடம் ஒதுக்கி வைக்காது என்பதை நான் யோசிக்கவில்லை. அந்தக் கடைக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்தல்தான். தினமும் தேவைப்படுகிற பொருளுக்குத்தான் தனி ஆப் தாங்கும். கருவாடு வாங்குகிறவர் மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாங்குவார். அவர் போனில் ஏற்கெனவே இருக்கிற வாட்ஸ்அப்புக்குள் நீங்கள் போய் உட்கார்ந்தால் போதும்.

பெரிய தளங்களில் சேருவது பற்றி. அங்கே கமிஷன், அனுப்பும் கட்டணம், அந்தக் கட்டணங்களின் மேல் ஜி.எஸ்.டி. என்று பல பிடித்தங்கள் உண்டு. பொருளுக்குப் பொருள், எடைக்கு எடை மாறும். எல்லாம் சேர்ந்து 20 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 420 ரூபாயில் 84 போகும். பேக்கிங் 30. உங்கள் 100 ரூபாய் லாபத்தைத் தாண்டி 14 ரூபாய் கைக்காசு கொடுத்து விற்க வேண்டியிருக்கும். விலையை 500 ஆக்கினால் பக்கத்திலேயே வேறொருவர் 430-க்குப் போட்டிருப்பார். படத்தில் இரண்டும் ஒரே நெத்திலிதான். இன்னொரு சங்கடமும் உண்டு. வாங்கியவர் யார், எங்கே இருக்கிறார், மறுபடி எப்போது கேட்பார் என்பது தளத்துக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஓலைப்பெட்டி, கொட்டான் போன்றவற்றை மட்டும் அங்கே சோதித்துப் பார்க்கலாம். கெட்டுப்போகாது, எடை குறைவு, பரிசாகக் கொடுக்க வாங்குவார்கள். விற்பவரையும் வாங்குபவரையும் வெவ்வேறு ஆப்கள் வழியாக இணைப்பதற்காக மத்திய அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ஓ.என்.டி.சி. வலையமைப்பு வழியாகவும் விற்கலாம். அதிலும் சேர்வதற்கு முன் எனக்கல்ல, உங்கள் நோட்டுக்குக் கணக்குக் காட்டுங்கள்: ஒரு பார்சல் போனால் கையில் எத்தனை ரூபாய் நிற்கும்?

சரி, இனி செய்ய வேண்டியது. கடைக்கென்று ஒரு சிம் வாங்குங்கள், உங்கள் பெயரில். மகன் பெயரில் வேண்டாம். அவன்மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. நாளைக்கு அவன் சென்னைக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போனால் கடையின் நம்பரும் கூடவே போய்விடக் கூடாது. அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள், காசில்லை. இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணை வைத்து, அதை எங்காவது எழுதியும் வையுங்கள். அதிலேயே கேட்டலாக் என்று பொருள் பட்டியல் வைக்கிற இடம் இருக்கிறது. பத்துப் பொருளுக்கு மேல் வேண்டாம். இணையத்தில் கிடைக்கிற பளபளப்பான படத்தை எடுத்துப் போடாதீர்கள். காலை வெளிச்சத்தில் உங்கள் ஓலைப்பாயில் பரப்பி, பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள். அளவு தெரியும், கடையும் தெரியும்.

மீன் பெயரை எழுதும்போது கவனம். நம் பக்கத்தில் பலர் சீலா என்பது சென்னைக்காரருக்கு வஞ்சிரம். சென்னைச் சந்தையில் சீலா என்று விற்பது ஊளி என்கிற வேறு மீன். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். "சீலாக் கருவாடு (சென்னையில் வஞ்சிரம்)" என்று இரண்டு பெயரையும் போடுங்கள். எந்த மாதம் காய்ந்தது, உப்பு கூடுதலா குறைவா, தலையோடா தலை எடுத்ததா என்று நாலு வார்த்தை சேர்த்தால், மோந்து பார்க்க முடியாத குறையில் பாதி தீரும். மீதிப் பாதியைக் குரலில் சொல்லுங்கள். "இந்தத் தடவை வாளை கொஞ்சம் மெலிசா இருக்குக்கா, பத்து நாள் கழிச்சு வாங்குங்க" என்று நீங்கள் ஒரு குரல் செய்தி அனுப்பினால், அந்த வாடிக்கையாளர் உங்களை விட்டு நகரமாட்டார்.

ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் வசதி அதில் உண்டு. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் கடையில் பொட்டலம் கொடுக்கும்போதே, "நம்பரைப் பதிஞ்சுக்கங்க, ஊர்ல போய் வேணும்னா ஒரு மெசேஜ் போடுங்க" என்று சொல்லிப் பதிய வையுங்கள். கேட்காதவர்களுக்குத் தினமும் அனுப்பினால் அவர்கள் புகார் கொடுப்பார்கள், நம்பரே முடங்கும். மாதத்துக்கு இரண்டு செய்தி போதும்.

இப்போது பணம். யு.பி.ஐ. 2016-ல் வந்தது. 2020 ஜனவரி முதல் வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யு.பி.ஐ. பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. இதைவிட மலிவான கல்லாப்பெட்டி கிடைக்காது. ஆனால் படம் என்பது பணம் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகச் செய்ய ஐந்து நிமிடம் போதும். வங்கியிலிருந்து வந்தது போலவே குறுஞ்செய்தியும் அனுப்புகிறார்கள். உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து, கணக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பார்சலில் பெயர் எழுத வேண்டும். கடையில் கூட்டமாக இருக்கும்போது, பணம் வந்ததைக் குரலில் சொல்லும் அறிவிப்புப் பெட்டி உதவும்.

நம் கரைக்கே பொருந்துகிற ஒரு மோசடியும் இருக்கிறது. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு கடைகளுக்குப் போன் செய்து, மொத்தமாக ஆர்டர் கொடுத்து, "முன்பணம் அனுப்புறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். நாடு முழுக்க நடப்பதுதான். ஆனால் உச்சிப்புளியில் கடற்படை நிலையமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படையும் இருக்கிற ஊரில், "கேம்புலேர்ந்து பேசுறேன், இருபது கிலோ வேணும்" என்றால் யாரும் நம்பிவிடுவார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. பின் நம்பர் போட்டால் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். இதைக் கடையில் உதவிக்கு வருகிற பெண்கள் வரை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு. கடை வரவுக்குத் தனிக் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ திருடிய பணத்தில் ஒருவன் உங்களிடம் கருவாடு வாங்கியிருந்தால், விசாரணைக்காக உங்கள் கணக்கையும் முடக்க நேரலாம். குடும்பச் செலவும் அதே கணக்கில் இருந்தால் அடுப்பு எரியாது.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. மகன் ஆப்பைப் பற்றிப் பேசுகிறான், நான் அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு பார்சல் கெட்டுப்போய், "நாறுது, பூஞ்சை பிடிச்சிருக்கு" என்று வாடிக்கையாளர் படம் அனுப்பினால் வேறு அனுப்ப வேண்டும். சரக்கு 320, பேக்கிங் 30, கூரியர் 70, ஆக 420 ரூபாய். ஒரு பார்சலில் நிற்பது 70. அப்படியென்றால் கெட்ட பார்சல் ஒன்று, நல்ல பார்சல் ஆறின் லாபத்தைத் தின்றுவிடுகிறது. பத்தில் ஒன்று கெட்டால் மாதம் முழுக்க உழைத்தும் கூலிகூட மிஞ்சாது.

அதனால் காயாத சரக்கை எந்தக் காரணத்துக்காகவும் பார்சலில் போடாதீர்கள். கடை வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் வெயிலில் போட்டுக்கொள்வார். பார்சல் மூன்று நாள் மூட்டைக்கு அடியில் கிடக்கும். காற்றெடுத்து அடைக்கும் கவர் நல்லதுதான், ஆனால் வாளை, கட்டா முள் அதைக் குத்திவிடும். குத்தினால் காற்றும் போகும், வாடையும் வெளியே வரும். செதிலையும் கூரான துடுப்பையும் வெட்டி, தடித்த காகிதத்தில் சுற்றி, பிறகு கவரில் போடுங்கள். அதன்மேல் இன்னொரு கவர், பிறகு அட்டைப்பெட்டி. கூரியர் அலுவலகத்தில், கருவாடு எடுப்பார்களா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாடை காரணமாக மறுக்கிற கிளைகள் உண்டு. மறைத்து அனுப்புவது வேண்டவே வேண்டாம். திங்கள் முதல் புதன் வரை மட்டும் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் கிடக்காது. ஒரு கிலோ ஆர்டரை நிறுத்திவிட்டு, குறைந்தது இரண்டு கிலோ என்று வையுங்கள்; நெத்திலி ஒன்று, வேறு ஏதாவது ஒன்று. பேக்கிங் 40 ஆனாலும் 160 ரூபாய் நிற்கும். தபாலும் கூரியரும் எடைக்கேற்பத் தனி என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கருப்பட்டியைத் தூரத்துக்கு அனுப்பாதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் கசிந்து, போய்ச் சேரும்போது கவரில் ஒட்டிக் கிடக்கும். அந்த இரண்டு மாதம் கேட்டலாக்கில் கருப்பட்டியை மறைத்து வைத்துவிட்டால் கேட்பவருக்குப் பதில் சொல்லி மாள வேண்டியதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கோயம்புத்தூரில் இருக்கிறவருக்குத் தெரியாது. திடீரென்று விலை ஏறினால், போனில் வியாபாரம் பிடித்ததும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பார். மார்ச் கடைசியிலேயே, "தடைக்காலம் வருது, விலை கூடும், வேணுங்கிறவங்க இப்பவே வாங்கி வச்சுக்கங்க" என்று ஒரு செய்தி போடுங்கள். அது விளம்பரமாகவும் ஆகும், நேர்மையாகவும் இருக்கும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண் இல்லாமல் ஒரு பொட்டலமும் வெளியூர் போகக் கூடாது. லேபிளில் உங்கள் பெயர், முகவரி, நிகர எடை, விலை, அடைத்த மாதம், புகாருக்கு ஒரு போன் எண் இருக்க வேண்டும். கருவாடு காயக் காய எடை குறையும். ஒரு கிலோ என்று எழுதினால் 20 கிராம் கூடவே போடுங்கள். ஜி.எஸ்.டி.யில் ஒரு நுணுக்கம்: உதிரியாக நிறுத்து விற்கும் கருவாட்டுக்கும் கருப்பட்டிக்கும் வரி கிடையாது, முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டியதற்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி வந்தது. வரிக்குரிய சரக்கை பெங்களூருக்கோ கொச்சிக்கோ அனுப்பினால், விற்பனை எவ்வளவு சிறியதானாலும் ஜி.எஸ்.டி. பதிவு கேட்பார்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் அந்தச் சிக்கல் இல்லை. அதனால் லேபிள் அச்சடிப்பதற்கு முன்பு, மாதிரியை எடுத்துக்கொண்டு ஒரு கணக்கரை நேரில் பாருங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் பணம் கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

போனில் சிலர் கடல் அட்டை கிடைக்குமா, கடற்குதிரை கிடைக்குமா என்று கேட்பார்கள். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. "விசாரிச்சுச் சொல்றேன்" என்று மரியாதைக்காகக்கூடப் பதில் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதியது எழுதியதுதான். இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்து அந்த எண்ணைத் தடை செய்துவிடுங்கள்.

நாளைக் காலையே ஒரு நோட்டு எடுங்கள். முப்பது நாள், போனில் கேட்கிற ஒவ்வொருவரையும் எழுதுங்கள்: எந்த ஊர், என்ன கேட்டார், முன்பு கடைக்கு வந்தவரா, அனுப்பினீர்களா, இல்லையென்றால் ஏன். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். இப்போது பன்னிரண்டில் ஏழு பேரை விடுகிறீர்களே, ஏன் விடுகிறீர்கள்? பேக் செய்ய ஆள் இல்லையா, கூரியர் அலுவலகம் போக நேரம் இல்லையா, அவர் கேட்ட மீன் இல்லையா, கட்டணம் அதிகம் என்று அவரே விட்டுவிட்டாரா? ஆப் வந்தாலும் இந்த ஏழு பேர் இதே காரணத்துக்காகத்தான் திரும்பிப் போவார்கள். மதியம் இரண்டு முதல் நான்கு வரை பேக்கிங்குக்குப் பக்கத்துப் பெண் ஒருவரைக் கூலிக்கு வைத்தாலே பாதிப் பேருக்கு அனுப்பிவிடலாம் என்று எனக்குப் படுகிறது. அதை நோட்டுதான் உறுதி செய்ய வேண்டும்.

மகனை ஒதுக்கிவிடாதீர்கள். கேட்டலாக்கும் அந்த நோட்டின் கணக்கும் அவன் பொறுப்பில் இருக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பார்சல் என்று மூன்று மாதம் தொடர்ந்து போய், வாட்ஸ்அப்பில் யாருக்கு எதை அனுப்பினோம் என்று குழம்ப ஆரம்பித்தால், அன்றைக்கு ஆப் வேண்டாம், மாத வாடகைக்குக் கிடைக்கிற சின்ன இணையக் கடை ஒன்று போடலாம். அப்போது யார் செய்து கொடுத்தாலும் இதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்: இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகும், வாடிக்கையாளர் பட்டியலை நாங்கள் கேட்டபோது கொடுப்பீர்களா, பணம் கட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகும். இதற்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் 500 ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

முப்பதாம் நாள் அந்த நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தடைக்காலத்துக்கு முன் எந்த மீனை எத்தனை கிலோ எடுத்து வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.